மீடியம் ஃபார்மேட் லென்ஸை ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டுவது எப்படி

பழைய மீடியம் ஃபார்மேட் (35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய ஃபிலிமில் எடுக்கும் கேமரா) லென்ஸுக்கு ஒரு அடாப்டர் (வேறு கேமராவில் மாட்ட உதவும் இணைப்பு வளையம்) வாங்கிப் போட்டால் படம் ‘மீடியம் ஃபார்மேட் லுக்’கில் வந்துவிடும் என்று நம்பிப் பணத்தைப் போடுகிறவர்கள் நிறைய. வராது. 80 மி.மீ. லென்ஸ் எந்தக் கேமராவில் இருந்தாலும் 80 மி.மீ. லென்ஸ்தான். ஃபுல் ஃபிரேமில் (36×24 மி.மீ. சென்சார்) மாட்டினால் ஒரு சாதாரண 85 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து எடுத்த மாதிரிதான் படம் இருக்கும். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் கோணம் இன்னும் குறுகி 120 மி.மீ. போலத் தெரியும். கூர்மையும் பெரிதாகக் கூடப்போவதில்லை. பெரிய நெகட்டிவுக்கு என்று வடிவமைத்த லென்ஸ் அது. ஒரு மில்லிமீட்டருக்குள் இத்தனை கோடுகளைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் 35 மி.மீ. லென்ஸுக்கு இருந்த அளவு அதற்கு இருந்ததில்லை.

அப்புறம் எதற்கு மாட்டுவது? லென்ஸ் பின்னால் விழுத்தும் பட வட்டத்துக்காக. 645 (6×4.5 செ.மீ.) என்ற மீடியம் ஃபார்மேட் வகையின் சட்டம் 56×41.5 மி.மீ.; அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 70 மி.மீ. 6×6 என்றால் 79 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைவிட்டமோ 43.3 மி.மீ.தான். மிச்சமிருக்கும் இந்த இடத்துக்குள் சென்சாரை நகர்த்தலாம், லென்ஸைச் சாய்க்கலாம், நாலைந்து துண்டாக எடுத்து ஒட்டலாம். ஷிஃப்ட் (நகர்த்தல்), டில்ட் (சாய்த்தல்) வசதியுள்ள அடாப்டர் வாங்கும் எண்ணமே இல்லையென்றால், அதே காசுக்கு ஒரு 85 எஃப் 1.8 வாங்கிவிடுங்கள், ஆட்டோஃபோகஸாவது கிடைக்கும்.

இதே மிச்ச வட்டம்தான் தலைவலியும். 645 லென்ஸ் விழுத்தும் வட்டத்தின் பரப்பில் கால் பங்குக்கும் குறைவுதான் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் விழுகிறது. ஏபிஎஸ்-சியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வெளிச்சம் முழுக்க அடாப்டரின் உட்சுவரில் அடித்துச் சிதறி, படத்தை வெளிறச் செய்கிறது. அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

எந்த லென்ஸ் வாங்கலாம்

முதல் முறை என்றால் இரண்டு குடும்பங்களைச் சொல்லலாம்: மாமியா 645, பென்டகான் சிக்ஸ்.

1975-இல் வந்த மாமியா எம்645-க்கான மாமியா-செகோர் சி லென்ஸ்கள் அடாப்டருக்கென்றே செய்தது போல இருக்கும். அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை; எஃப் எண் குறிப்பது இதன் அளவை) வளையம் லென்ஸிலேயே இருக்கிறது. பக்கத்தில் ‘ஏ/எம்’ என்று ஒரு சின்ன நெம்புகோல். அதை ‘எம்’மில் தள்ளிவிட்டால் வளையத்தைத் திருப்பத் திருப்ப பிளேடுகள் மூடும். அடாப்டரில் எந்தக் கம்பியும் பின்னும் தேவையில்லை. 80 எஃப் 2.8, 55 எஃப் 2.8, 150 எஃப் 3.5 மூன்றும் கைக்கு அடக்கமானவை. 80 எஃப் 1.9 மட்டும் கொஞ்சம் விலை கூட. பின்னாளில் வந்த 645 ஏஎஃப் லென்ஸ்களை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது, எல்லாம் மின்சாரம்தான். சாதா அடாப்டரில் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது.

பென்டகான் சிக்ஸ் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் செய்த 6×6 கேமரா. அதற்குக் கார்ல் சைஸ் யெனா தந்த பயோமெட்டார் 80 எஃப் 2.8, பயோமெட்டார் 120 எஃப் 2.8, சோனார் 180 எஃப் 2.8, ஃபிளெக்டகான் 50 எஃப் 4 நான்கும் இன்றைக்கும் கிடைக்கின்றன. கியேவ் 60 என்ற சோவியத் கேமராவுக்கும் இதே மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் வாய்) என்பதால் வோல்னா-3, மிர்-26, கலேய்னார்-3, 30 மி.மீ. ஆர்சாட் மீன்கண் லென்ஸ் எல்லாம் கூடவே சேர்ந்துகொள்கின்றன. ஆனால் ‘கியேவ் லென்ஸ்’ என்று மட்டும் எழுதி விற்பதை அப்படியே வாங்காதீர்கள். கியேவ் 88-இன் மவுண்ட் வேறு, ஃபிளேஞ்ச் தூரமும் (மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம்) வேறு. மவுண்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பென்டாக்ஸ் 67-இன் 105 எஃப் 2.4-க்குப் பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. நல்ல லென்ஸ்தான். அதன் பழைய பதிப்புகளில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் வருடக்கணக்கில் மஞ்சளடித்திருக்கும்; புற ஊதா விளக்கின் அடியில் சில நாள் வைத்தால் பெருமளவு தெளியும்.

ஹாசல்பிளாட் சி, சிஎஃப் லென்ஸ்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. காக் செய்த (ஷட்டரின் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்த) நிலையில் மாட்டினால்தான் ஷட்டர் திறந்திருக்கும். அப்போதும் பிளேடுகள் முழுக்கத் திறந்தே நிற்கும். டெப்த் ஆஃப் ஃபீல்ட் பார்ப்பதற்கான நெம்புகோலை அழுத்தி வைத்தால்தான் மூடும். பழகினால் சரி, முதல் லென்ஸாக வேண்டாம். ஷட்டர் இல்லாத எஃப் வரிசையில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை. மாமியா ஆர்பி67, ஆர்இசட்67 லென்ஸ்களை விட்டுவிடுங்கள். அவற்றில் ஃபோகஸ் வளையமே கிடையாது, ஃபோகஸ் செய்வது கேமராவின் பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி). அடாப்டரோடு தனி ஹெலிகாய்டோ (திருகி முன்பின் நகர்த்தும் குழாய்) பெல்லோஸோ சேர்த்து வாங்க வேண்டி வரும்.

அடாப்டரின் கணக்கு

லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம்தான் ஃபிளேஞ்ச் தூரம். லென்ஸின் தூரத்திலிருந்து கேமராவின் தூரத்தைக் கழித்தால் அடாப்டரின் தடிமன் கிடைக்கும்.

லென்ஸ் பக்கம்: மாமியா 645 – 63.3 மி.மீ., பென்டாக்ஸ் 645 – 70.87, பென்டகான் சிக்ஸ் – 74.1, ஹாசல்பிளாட் வி – 74.9, கியேவ் 88 – 82.1, பென்டாக்ஸ் 67 – 84.95.

கேமரா பக்கம்: நிக்கான் எஃப் – 46.5, கேனான் இஎஃப் – 44, கேனான் ஆர்எஃப் – 20, சோனி இ – 18, ஃபுஜி எக்ஸ் – 17.7, நிக்கான் இசட் – 16.

ஆக, மாமியா 645-ஐ கேனான் டிஎஸ்எல்ஆரில் மாட்ட 19.3 மி.மீ. இடம்தான் இருக்கிறது, சோனி மிரர்லெஸ்ஸில் 45.3 மி.மீ. ஷிஃப்ட் செய்யும் தண்டவாளமும் சாய்க்கும் மூட்டும் அந்த இடத்துக்குள்தான் உட்கார வேண்டும். மிரர்லெஸ் கேமராவுக்கு வகைவகையாக ஷிஃப்ட்-டில்ட் அடாப்டர் கிடைப்பது இதனால்தான். டிஎஸ்எல்ஆரில் டில்ட் வேண்டுமென்றால் 30 மி.மீ. இடம் தரும் பென்டகான் சிக்ஸ் லென்ஸ் வசதி. கீவில் இருக்கும் ஆராக்ஸ் நிறுவனம் செய்த டில்ட் அடாப்டர்கள் இந்த மவுண்டுக்குத்தான் பேர் போனவை.

இரண்டு மூன்று கேமரா வைத்திருப்பவர்கள் அடாப்டரை இரண்டு கட்டமாக வாங்குவது லாபம். லென்ஸிலிருந்து நிக்கான் எஃப் அல்லது கேனான் இஎஃப்புக்கு ஒன்று. அங்கிருந்து மிரர்லெஸ்ஸுக்கு இன்னொன்று. நிக்கான் இசட் வைத்திருப்பவர் கையில் எஃப்டிஇசட் (எஃப் லென்ஸை இசட்டில் மாட்டும் நிக்கானின் சொந்த அடாப்டர்) ஏற்கெனவே இருந்தால், 30.5 மி.மீ. அதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துளி ஆட்டம் கூடும். கனமான லென்ஸ் என்றால் ஒரே துண்டு அடாப்டர்தான் நல்லது.

பென்டகான் சிக்ஸ் அடாப்டர் வாங்கும்போது லென்ஸ் பக்கத்தில் திருகிப் பூட்டும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் கேமராவில் லென்ஸ் திரும்புவதில்லை. கேமராவில் உள்ள வளையம்தான் திரும்பி லென்ஸை இறுக்கும். அந்த வளையம் இல்லாத மலிவு அடாப்டர்களில் லென்ஸ் லொடலொடக்கும். மாட்டிய பிறகு எஃப் 8 வைத்து முன்பக்கமாக உள்ளே பாருங்கள். பிளேடுகள் அசையவில்லையென்றால் லென்ஸின் பின்னால் இருக்கும் அப்பர்ச்சர் பின்னும் அடாப்டரின் உள்விளிம்பும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்ஃபினிட்டி வருகிறதா

இன்ஃபினிட்டி என்றால் மிகத் தொலைவில் உள்ள பொருளுக்கும் ஃபோகஸ் வருவது. அடாப்டர் 0.1 மி.மீ. தடித்துவிட்டால் என்ன ஆகும்? குவிய நீளத்தின் வர்க்கத்தை அந்தப் பிழையால் வகுத்தால், லென்ஸ் எட்டும் மிகத் தொலைவான ஃபோகஸ் கிடைக்கும். 80 மி.மீ. லென்ஸுக்கு 6400-ஐ 0.1-ஆல் வகுத்தால் 64,000 மி.மீ., அதாவது 64 மீட்டர். அதற்கு அப்பால் எதுவும் கூராக வராது. 180 மி.மீ. லென்ஸுக்கு அது 324 மீட்டர். 50 மி.மீ.க்கு 25 மீட்டர்தான், 35 மி.மீ.க்கு 12 மீட்டர். வைடு லென்ஸ் போகப் போகத்தான் அடாப்டரின் பிழை உறைக்கும். 150 மி.மீ. லென்ஸில் சரியாக இருந்த அதே அடாப்டர் 35-இல் சொதப்புவது இதனால்தான்.

இந்தப் புகார் வரக்கூடாதென்று தயாரிப்பவர்கள் பெரும்பாலும் அடாப்டரைக் கொஞ்சம் மெலிசாகவே கடைவார்கள். அப்போது வளையம் இன்ஃபினிட்டியைத் தாண்டித் திரும்பும். அதில் நஷ்டம் பெரிதில்லை, தூர அளவுகோலை நம்ப முடியாது அவ்வளவுதான். ஹாசல்பிளாட் 50 எஃப்எல்இ போல மிதக்கும் (ஃபோகஸுக்கு ஏற்ப உள்ளே தனியாக நகரும்) கண்ணாடி உள்ள வைடு லென்ஸ்களில் மட்டும் மூலைகள் சற்றே கெடும்.

சோதிப்பது எளிது. இரவில் நிலா, அல்லது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுர விளக்கு. கேமரா ட்ரைபாடில், அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து, திரையில் 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு லென்ஸின் அளவுகோலைப் பாருங்கள். 80 மி.மீ. லென்ஸில் நிலா 20 மீட்டர் குறியில் கூராக வருகிறது என்று வையுங்கள்: 6400-ஐ 20,000-ஆல் வகுத்தால் 0.32. உங்கள் அடாப்டர் 0.32 மி.மீ. மெலிசு. மவுண்ட் வளையத்தின் திருகுகளைக் கழற்றி, அடியில் 0.1 மி.மீ. பித்தளைத் தகடு மூன்று வெட்டி வைத்தால் சரியாகிவிடும். கடைசி 0.02-ஐத் துரத்தாதீர்கள். வெயிலில் உலோகம் விரியும், இன்ஃபினிட்டிக்கு அப்பால் ஒரு நூலளவு இடம் இருக்கட்டும்.

தடித்த அடாப்டரைத் திருத்துவது இவ்வளவு சுலபமில்லை. கண்ணாடிப் பலகையில் 400, பிறகு 800 எண் எமரித் தாளை விரித்து வளையத்தைத் தேய்க்க வேண்டும். நாலு தேய்ப்புக்கு ஒரு முறை கால் சுற்று திருப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்துவிடும்.

சாய்வையும் சோதியுங்கள். வெர்னியரில் அடாப்டரின் தடிமனை நான்கு இடத்தில் அளந்தால் எல்லாம் 0.03-க்குள் ஒத்துப்போக வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் 0.1 வித்தியாசம் இருந்தால், எஃப் 2.8-இல் எடுத்த செங்கல் சுவரில் ஒரு பக்கம் மங்கலாகவே வரும். லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், குற்றவாளி அடாப்டர். பக்கவாட்டில் உள்ள மூன்று சின்னத் தலையில்லாத் திருகுகள் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். இறுக்கி, நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விடுங்கள்.

சிதறும் வெளிச்சம்

மீடியம் ஃபார்மேட் லென்ஸில் எடுத்த படம் ‘சப்’பென்று இருக்கிறது, கறுப்பு கறுப்பாக இல்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை லென்ஸில் இல்லை. லென்ஸை அடாப்டரோடு மட்டும் மாட்டி, கேமராவில் பொருத்தாமல், பளிச்சென்ற ஜன்னலைப் பார்த்துப் பிடியுங்கள். பின்பக்கத்திலிருந்து கண்ணைக் கொஞ்சம் ஓரமாக வைத்துப் பாருங்கள். அடாப்டரின் உட்சுவரில் வெள்ளி வளையங்களாக மின்னுவது தெரியும். கறுப்புப் பூச்சுதான், ஆனால் சாய்ந்து வரும் வெளிச்சத்துக்கு அது கண்ணாடி மாதிரி. அந்த மின்னல் நேராகச் சென்சாருக்குப் போகிறது.

முதலில் உட்சுவருக்குக் கறுப்பு வெல்வெட் ஒட்டுங்கள். பின்னால் பசையோடு வரும் ஃபிளாக் ஷீட்தான் தேவை. உள்விட்டம் 60 மி.மீ. என்றால் 188 மி.மீ. நீளத் துண்டு, அகலம் சுவரின் ஆழத்தைவிட 1 மி.மீ. குறைவாக இருக்கட்டும், மவுண்டின் உலோக விளிம்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெட்டிய ஓரத்தில் நூலிழை பிரியும். அது சென்சாரில்தான் போய் உட்காரும். ஒட்டுவதற்கு முன் ஓரத்தைச் செல்லோ டேப்பால் இரண்டு முறை ஒற்றி எடுங்கள், ஒட்டிய பிறகு ஊதுகுழலால் நன்றாக ஊதுங்கள். மேட் கறுப்புப் பெயிண்ட் வேண்டாமா என்றால், ஒன்றுமில்லாததற்குத் தேவலாம், வெல்வெட்டுக்கு ஈடில்லை.

அடுத்தது தடுப்பு. ஷிஃப்ட் செய்யாத அடாப்டராக இருந்தால் உள்ளே ஒரு செவ்வகச் சட்டம் வைத்துவிடலாம். சென்சாருக்கு 30 மி.மீ. முன்னால் உட்காரும்படி, கறுப்பு அட்டையில் 36×28 மி.மீ. துளை வெட்டிப் பொருத்துங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். மூலை இருண்டால் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் பெரிதாக்குங்கள். இருளவில்லையென்றால் இன்னும் குறுக்கிப் பார்க்கலாம். வெல்வெட்டைவிட இந்த ஐந்து ரூபாய் அட்டைதான் அதிக வித்தியாசம் காட்டும்.

பிறகு ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு. லென்ஸோடு வந்த பழைய ஹூட் மீடியம் ஃபார்மேட் சட்டத்தின் கோணத்துக்குச் செய்தது. நமக்கு அது அகலம் அதிகம். மாமியா 80 எஃப் 2.8-க்கு 58 மி.மீ. திருகில் டெலி ஹூட் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஏபிஎஸ்-சி என்றால் இரண்டு ஹூட்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகினாலும் மூலை வெட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேமராவில் செய்ய வேண்டியவை

சோனி, ஃபுஜி, கேனான் ஆர் கேமராக்களில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற வசதியை மெனுவில் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. எக்ஸ்போஷர் அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் சரியாக வரும். திரையில் அப்பர்ச்சர் எண் வராது. எஃப் 00 என்றோ கோடாகவோ இருக்கும். நிக்கான் டி3000, டி5000 வரிசைகளில் இந்த லென்ஸோடு மீட்டரே ஓடாது. மேனுவலில் எடுத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

உள்ளே ஸ்டெபிலைசேஷன் உள்ள உடலாக இருந்தால் குவிய நீளத்தைக் கையால் கொடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவிலும் 80-க்கு 80 என்றே கொடுக்க வேண்டும், 120 அல்ல. தப்பான எண் கொடுத்தால் கேமரா ஆட்டத்தைத் தேவைக்கு மேல் ஈடுகட்டி, நிலையாகப் பிடித்த படத்தையும் கலக்கிவிடும்.

ஃபோகஸுக்கு பீக்கிங்கை (கூரான ஓரங்களைத் திரையில் வண்ணக் கோடாகக் காட்டும் வசதி) நம்பாதீர்கள். இந்த லென்ஸ்களில் எஃப் 2.8-இல் மெல்லிய ஒளிமூட்டம் உண்டு. வண்ணக் கோடு ஒரு பெரிய பரப்பு முழுக்க மின்னும், உண்மையான கூர்மை அதற்குள் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு மூடினால் சில லென்ஸ்களில் கூர்மையான தளம் கொஞ்சம் பின்னால் நகரும். எஃப் 8-க்கு மேல் மூடி எடுப்பதாக இருந்தால் எஃப் 5.6-இல் வைத்தால் போதும், அதற்குப் பிறகு நகர்வதை ஆழம் மூடிவிடும். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வேண்டாம், லைவ் வியூதான்.

ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள சோனார் 180 போன்றவற்றை மாட்டினால் கேமராவைப் பிடித்துத் தூக்காதீர்கள், லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள். ட்ரைபாடில் வைக்க அடாப்டரிலேயே கால் இருக்க வேண்டும். மிரர்லெஸ் அடாப்டர் நீளமானது. முன்னால் தொங்கும் எடை முழுக்கக் கேமராவின் மவுண்ட் திருகுகளைத்தான் இழுக்கும்.

ஷிஃப்ட்: நகர்த்தி ஒட்டுவது

எவ்வளவு நகர்த்தலாம் என்பதும் கணக்குதான். 645 லென்ஸில் ஃபிரேமின் நீளவாக்கில் 15 மி.மீ., குறுக்குவாக்கில் 18 மி.மீ. வரை போகலாம். 6×6 லென்ஸில் 19.5, 23. கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் 15 மி.மீ.யோடு நின்றுவிடும், ஆக 645 லென்ஸே போதும். சோனி இ மவுண்டின் வாய் 46 மி.மீ. அகலம்தான், நிக்கான் இசட் 55, கேனான் ஆர்எஃப் 54. நீளவாக்கில் முழு ஷிஃப்ட் கொடுக்கும்போது சோனியில் ஒரு ஓரம் இருளலாம். அது லென்ஸின் குற்றமில்லை, மவுண்டின் விளிம்பு மறைக்கிறது. 10 மி.மீ.யில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்கு ஷிஃப்ட் தரும் பலனை ஒரு கணக்கில் பார்க்கலாம். கோயில் கோபுரம் ஒன்று, 55 மி.மீ. லென்ஸ், கேமரா நெட்டுவாக்கில், துல்லியமாக மட்டம் பார்த்து நிறுத்தியிருக்கிறது, தூரம் 60 மீட்டர். ஷிஃப்ட் இல்லாமல் கேமராவின் உயரத்துக்கு மேல் 19.6 மீட்டர்தான் சட்டத்துக்குள் வரும். லென்ஸை 15 மி.மீ. மேலே தள்ளினால் 36 மீட்டர் வரும், சுவர்கள் உள்நோக்கிச் சாயாமல். ‘கேமராவைச் சாய்த்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாமே’ என்றால் முடியும், ஆனால் உச்சியில் இருக்கும் பிக்சல்களைத்தான் இழுத்து நீட்டுகிறீர்கள். கலசத்துக்குப் பக்கத்தில் உள்ள சுதைச் சிற்பங்கள் அங்கேதான் குழையும்.

ஒட்டுவதில்தான் அந்த ‘மீடியம் ஃபார்மேட் லுக்’ உண்மையிலேயே கிடைக்கிறது. கேமராவை நெட்டுவாக்கில் வைத்து, இடது 15, நடு, வலது 15 என்று மூன்று படம் எடுத்தால் 54×36 மி.மீ. பரப்பு கிடைக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது 9000×6000, அதாவது 54 மெகாபிக்சல். அடுத்தடுத்த படங்கள் 9 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒட்ட அது தாராளம். மூலைவிட்டம் 65 மி.மீ., 645-இன் வட்டத்துக்குள் அடங்கிவிடும். 55 எஃப் 2.8 லென்ஸ் இப்போது ஃபுல் ஃபிரேமில் 37 மி.மீ. எஃப் 1.9 போன்ற கோணத்தையும் ஆழத்தையும் தருகிறது. 80 எஃப் 1.9-ஐ இப்படி எடுத்தால் 53 மி.மீ. எஃப் 1.3-க்குச் சமம். அசையாத பொருளாக இருக்க வேண்டும், அதுதான் விலை.

எடுக்கும் முறை: எக்ஸ்போஷர் மேனுவல், வெள்ளைச் சமநிலை கையால் பூட்டியது, ரா (RAW) கோப்பாகப் பதிவு, ஸ்டெபிலைசேஷன் அணைத்தது. ஷிஃப்ட் திருகை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு வளையத்தைத் தொடவே கூடாது. எஃப் 5.6 முதல் 8 வரை நல்லது, ஏனென்றால் இப்போது வட்டத்தின் ஓரத்தையும் பயன்படுத்துகிறோம். ஒட்டும்போது போட்டோஷாப்பில் போட்டோமெர்ஜ் போய் ‘ரீபொசிஷன்’ தேர்ந்தெடுங்கள். கேமரா சுழலவில்லை, அதனால் படத்தை வளைத்துத் திருத்த வேண்டியதில்லை. மற்ற தேர்வுகள் வளைத்துவிடும்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில். கேமரா ட்ரைபாடில் இருக்க, லென்ஸ் நகர்கிறது. லென்ஸ் நகர்ந்தால் பார்வைப் புள்ளியும் 15 மி.மீ. நகர்கிறது. ஒரு மீட்டரில் ஒரு தூண், பின்னால் தொலைவில் மலை என்றால், 55 மி.மீ. லென்ஸில் அந்த நகர்வு சென்சாரில் 0.8 மி.மீ.; 24 மெகாபிக்சலில் 130 பிக்சலுக்கும் மேல். தூண் இரண்டாகத் தெரியும். 10 மீட்டரில் 14 பிக்சல், 100 மீட்டரில் ஒன்றரைக்குள். ஆக எல்லாமே தொலைவில் இருந்தால் கவலையில்லை. பக்கத்தில் பொருள் இருந்தால், ட்ரைபாட் கால் அடாப்டரின் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் வகையாக வாங்குங்கள்: லென்ஸ் நிற்கும், கேமரா நகரும். அது கிடைக்காவிட்டால் கேமராவுக்கு அடியில் மில்லிமீட்டர் அளவுள்ள மேக்ரோ ரெயில் ஒன்றைப் போட்டு, லென்ஸ் வலப்பக்கம் 15 போனால் ரெயிலை இடப்பக்கம் 15 தள்ளுங்கள்.

டில்ட்

லென்ஸைச் சாய்த்தால் கூர்மையான தளமும் சாயும். அந்தத் தளம் லென்ஸுக்குக் கீழே எவ்வளவு தூரத்தில் உள்ள கோட்டின் வழியாகப் போகும் என்பது, குவிய நீளத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்தால் வரும். 80 மி.மீ. லென்ஸை 3 டிகிரி சாய்த்தால் 1.53 மீட்டர். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் மட்டமாக நின்றால், தரை முழுக்க முன்னாலிருந்து அடிவானம் வரை எஃப் 5.6-இலேயே கூராகிவிடும். 8 டிகிரி என்றால் 57 செ.மீ., மேசைமேல் உணவுப் படத்துக்குப் பொருந்தும். லென்ஸின் முகம் தரையைப் பார்த்துச் சாய வேண்டும்.

முதலில் கணக்குப்படி கோணத்தை வையுங்கள், பிறகு தொலைவுக்கு ஃபோகஸ் செய்யுங்கள், அப்புறம் பக்கத்தில் உள்ளதைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாக இருந்தால் அரை டிகிரி மாற்றி, மறுபடி தொலைவுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்றில் நிலைக்கு வந்துவிடும். கோணத்தை எடுத்த எடுப்பில் 8-க்குத் தள்ளிவிட்டு ஃபோகஸைத் தேடி அலைவதுதான் வழக்கமான தப்பு. நிற்கும் ஆள் ஒருவர் சட்டத்துக்குள் இருந்தால் கால் கூராக, முகம் மங்கலாக வரும். அதை டில்ட் தீர்க்காது.

ஃபோகல் ரெட்யூசர்

கிப்பான் பேவ்ஐஸ் போன்ற 0.7 மடங்கு ரெட்யூசர்கள் மிச்ச வட்டத்தை வீணாக்காமல் சுருக்கிச் சென்சாருக்குள் கொண்டுவருகின்றன. 80 எஃப் 2.8 என்பது 56 மி.மீ. எஃப் 2 ஆகும், 55 எஃப் 2.8 என்பது 38 மி.மீ. எஃப் 2. சட்டத்துக்கு வெளியே விழும் வெளிச்சமும் குறைவதால் சிதறல் தொல்லை பாதி தீரும். மிரர்லெஸ்ஸுக்கு மட்டும்தான் இது, ஷிஃப்ட்டும் கிடையாது. உள்ளே கண்ணாடி இருப்பதால் தடிமன் பிழையை இது துளியும் பொறுக்காது. பெரும்பாலானவற்றில் கண்ணாடிக் கூட்டை முன்பின் திருகிச் சரிசெய்ய வழி இருக்கும். நிலாவை வைத்துச் செய்த அதே சோதனையை எஃப் 2-இல் செய்து, பூட்டும் திருகை இறுக்கிவிடுங்கள்.

வாங்கும் முன்

லென்ஸை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்னால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் கிளைகள் இருந்தால் பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் அது வேகமாகப் படரும். ஒரே சீராகப் பனி படிந்தது போலிருந்தால் உட்கண்ணாடியில் படலம், அதைத் துடைக்க லென்ஸைப் பிரிக்க வேண்டும். தூசி நாலு துகள் இருந்தால் பரவாயில்லை. பிளேடுகளில் எண்ணெய் மினுமினுக்கிறதா என்று பார்த்து, எஃப் 16-க்கும் 2.8-க்கும் பத்து முறை மாற்றுங்கள். கடைசி முறையும் முதல் முறை போலவே சட்டென்று மூட வேண்டும். சோவியத் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் இறுகியிருப்பது சகஜம். பழைய கிரீஸ் கட்டிப்போயிருக்கும். கழுவி மாற்றினால் சரியாகும், அந்தக் கூலியையும் விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கி வந்த பிறகு 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். அதற்கு வழியில்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் வறுத்து மாற்றுங்கள். லென்ஸ் வந்த தோல் உறையை மட்டும் டப்பாவுக்குள் சேர்க்காதீர்கள்; பூஞ்சை அதில்தான் குடியிருக்கும்.